கேள்வித்தாளில் "மதம்" என்ற இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

யாங்கோன் பொண்ணு எழுதியது:

வணக்கம். யாங்கோனில் இருந்துகொண்டே இணைய வழியில் சமூகவியல் முதுகலை படிக்கிறேன். "பர்மியத் தமிழ்க் குடும்பங்களில் மதமும் மதச்சார்பின்மையும்" என்று ஆய்வேட்டுக்குப் பெரிதாகத் தலைப்பு வைத்துவிட்டு, முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இங்கே ஆய்வு செய்தவர்களும் பெரியவர்களும் இருக்கிறீர்கள், கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

வழிகாட்டி கொடுத்த கேள்வித்தாள் இங்கிலீஷில் இருக்கிறது. அதைத் தமிழிலும் பர்மியத்திலும் போட வேண்டும். ஏன் இரண்டும் என்றால், எங்கள் பகுதியில் பாட்டிமார்களுக்குப் பர்மியம் பேச வரும், படிக்க வராது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்து தெரியாது. முதல் கேள்வி "உங்கள் மதம் என்ன". பர்மியத்தில் மதத்துக்குப் "பாதா". வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அது வேறொன்றும் இல்லை, நம் "பாஷை"தான், பாலி வழியாக வந்தது. பர்மியத்தில் மொழிக்கும் அதே சொல், மதத்துக்கும் அதே சொல், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பாடத்துக்கும் அதே சொல். முன்சோதனையாகப் பதினோரு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ஒரு தாத்தா "தமிழ்" என்றார். நான் மொழியைக் கேட்கவில்லை தாத்தா என்றேன். "நானும் மொழியைச் சொல்லலையே" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அதே வீட்டு மருமகளிடம் தமிழில் கேட்டபோது, "அட்டைல இருக்கிறதா, நிஜமா இருக்கிறதா?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார் (அட்டை என்றால் அரசு அடையாள அட்டை, அதில் மதமும் எழுதியிருக்கும்).

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அட்டையில் இந்து, அம்மா அட்டையில் புத்தம், அம்மாவைப் பெற்ற பாட்டி பர்மியர். தம்பிக்கு ஒன்பது வயதில் ஷின்பியூ (பையனுக்குத் தலை மழித்துச் சில நாள் இளம்பிக்குவாக்கும் சடங்கு) செய்து ஒரு வாரம் புத்த மடத்தில் இருந்தான். அந்த வருஷம் அவனுக்கு முருகனுக்கு நேர்ந்துகொண்ட மொட்டை ஒன்று பாக்கி இருந்தது. எப்படியும் தலையை மழித்தாயிற்று, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், இதையே அதற்கும் வரவு வைத்துக்கொள்வார் என்று அப்பாவின் அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். அலமாரி மேல்தட்டில் புத்தர், கீழ்த்தட்டில் மாரியம்மன். தூணில் மகாகிரி நத்துக்கு (நத் என்றால் பர்மியர் கும்பிடும் காவல் தெய்வம்) சிவப்புத் துணி கட்டிய தேங்காய். "உடைக்காத தேங்காய் எந்தச் சாமிக்கு ஆகும்?" என்று அப்பாவைப் பெற்ற பாட்டி இன்றைக்கும் முணுமுணுப்பார், ஆனால் அது காய்ந்து போனால் புதுக்காய் வாங்கி மாட்டுவதும் அவர்தான்.

இந்த வீட்டுக்கு எந்தப் பெட்டியில் குறி போடுவது? வழிகாட்டி ஒரு பெட்டிதான் என்கிறார், இல்லாவிட்டால் கணக்குப் போட முடியாதாம்.

இன்னொன்று. "நீங்கள் மதச்சார்பற்றவரா" என்ற கேள்வியை அப்படியே தமிழில் போட்டிருந்தேன். நாள் பூரா தமிழ்நாட்டுச் செய்தி பார்க்கிற ஒரு மாமா, "நான் எந்தக் கூட்டணியிலும் இல்லம்மா" என்றார். சிரிக்காதீர்கள், நான் நிஜமாகவே அழுகிற நிலையில் இருக்கிறேன்.

---

மோல்மீன் வாத்தியார் எழுதியது:

அம்மா, அந்தத் தாத்தா தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. தமிழ் என்றால் அவருக்கு ஆடி மாதக் கூழ், தீமிதி, பங்குனி உத்திரம், கருமாதி, வாழை இலை எல்லாம் சேர்ந்ததுதான். நீ "பாதா" என்று கேட்டாய், அவர் பாதாவைச் சொன்னார்.

உன் சிக்கல் பர்மியச் சொல்லில் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதே, தமிழ்ச் சொல்லிலும் இருக்கிறது. "மதம்" என்றால் ஆதியில் ஒருவன் கொண்ட கருத்து. "சமயம்" என்றாலும் அப்படித்தான். மணிமேகலையில் சமயக்கணக்கர் காதை இருக்கிறதே, வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொருவரிடமாகப் போய் உன் கொள்கை என்ன என்று கேட்பாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி என்று வரிசையாகச் சொல்வார்கள். கடைசியில் பூதவாதி வருவான், கண்ணுக்குத் தெரிகிற நிலம், நீர் மாதிரியான பூதங்கள் கலந்துதான் உணர்வு பிறக்கிறது, மறுபிறவி எல்லாம் கிடையாது என்பவன். அவனும் அந்த வரிசையில்தான் நிற்கிறான்! உன் கேள்வித்தாளில் அவனுக்கு "மதம் இல்லை" என்று தனிப்பெட்டி போட்டிருப்பாய். அங்கே அவனுடையதும் ஒரு சமயம். சமயம் என்பது வாதாடி நிலைநிறுத்துகிற சரக்காக இருந்த காலம் அது, பிறப்புச் சான்றிதழில் எழுதுகிற சங்கதியாக இருக்கவில்லை.

எங்கள் அப்பத்தா "மதம்" என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. யானைக்குத்தான் மதம் பிடிக்கும். யாராவது கிறிஸ்தவரானால் "வேதத்துல சேந்துட்டான்" என்பார், மாதா கோயில் வேதக்கோயில். முஸ்லிம்கள் மார்க்கம் என்பார்கள். நமக்கு என்ன பெயர் என்று கேட்டால், "நாம சாமி கும்புடுறவங்க", அவ்வளவுதான். இந்து என்ற சொல்லை அவர் முதலில் கேட்டது அட்டை எழுத வந்த ஆளிடம்.

பர்மியத்திலும் இதே கதை. பழைய சொல் தாதனா, நம் சாசனம். அது புத்தர் விட்டுப்போன போதனை, காலப்போக்கில் தேய்ந்து மறையக்கூடியது, அதைத் தாங்கிப் பிடிப்பது ஜனங்கள் கடமை. அது ஒருவருக்கு "இருக்கிற" பொருள் அல்ல. உனக்கு ஒரு பாதா, எனக்கு ஒரு பாதா, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒன்று என்று எண்ணிப் பிரிக்கிற பேச்சு 19ஆம் நூற்றாண்டில் பாதிரிமாரும் இங்கிலீஷ் சர்க்காரும் வந்த பிறகு பரவியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜட்சன் பாதிரியார் 1813இல் ரங்கூனில் இறங்கி, வேதாகமத்தைப் பர்மியத்தில் முடிக்க 1834 ஆயிற்று. இருபது வருஷம் சொல் தேடியிருக்கிறார், நீ இரண்டு வாரத்தில் முடிக்கப் பார்க்கிறாய்.

ஒரு வேடிக்கை பார். பர்மியத்தில் மொழிபெயர்ப்பு "பாதா பியான்". மதம் மாறுவது "பாதா பியாவுங்". சொல்லிப் பார்த்தால் கொஞ்சம்தான் வித்தியாசம். உன் வேலை முதலாவது, எழுதும்போது கைதவறி இரண்டாவது ஆகிவிடக் கூடாது.

என் யோசனை: என்ன பாதா என்று கேட்காதே. உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாவுக்கு யார் யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று கேள். தேவாரம் பாட ஆள் வந்ததா, போங்ஜி (பர்மியப் புத்த பிக்கு) வந்து ஓத, வீட்டார் நீர் வார்த்தார்களா, ஏழாம் நாள் அன்னதானமா பதினாறாம் நாள் காரியமா, இல்லை இரண்டுமா. கல்யாணத்தில் ஜனங்கள் நாலு பேர் பார்க்கச் செய்வார்கள். சாவில்தான் செய்யாமல் விட்டால் என்ன ஆகுமோ என்று எல்லாவற்றையும் செய்வார்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் அட்டை சும்மா, சாவுதான் நிஜம் என்கிற மாதிரி முடித்துவிட்டார். அங்கே நான் நிற்க மாட்டேன். கணக்கெடுப்பு வேலையில் பல வருஷம் அலைந்தவன் சொல்கிறேன் தங்கச்சி, அட்டையில் எழுதியிருப்பதும் நிஜம்தான், வேறு வகை நிஜம்.

1898ஆம் வருஷத்துப் பர்மா சட்டங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன் 13ஆம் பிரிவைப் பார். கல்யாணம், வாரிசு, சொத்து, மதச் சடங்கு சம்பந்தமான வழக்கு வந்தால் பௌத்தர்களுக்குப் புத்தச் சட்டம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம், இந்துக்களுக்கு இந்துச் சட்டம். அதாவது நீ யார் என்று முதலில் தீர்மானித்தால்தான் உன் அப்பன் வைத்துவிட்டுப் போன வயல் யாருக்கு என்று நீதிபதி சொல்ல முடியும். அலமாரியில் யார் மேல்தட்டு யார் கீழ்த்தட்டு என்று கோர்ட் பார்க்காது. உன் வீட்டு மாதிரி கலந்த குடும்பங்களை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து நீதிபதிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பெட்டி அங்கே இருந்து வருகிறது. ஜனத்தொகைக் கணக்கும் அதே வேலையைச் செய்தது. 1931 கணக்கில் பர்மாவில் பத்து லட்சத்துக்கு மேல் இந்தியர்கள், ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். அத்தனை பேரையும் இனம் ஒரு பக்கம், மதம் ஒரு பக்கம் என்று வெட்டிப் போட்டார்கள். இந்திய முஸ்லிம் தகப்பனுக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர்களுக்கு ஜெர்பாதி என்று தனிப் பெயரே கொடுத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பெட்டி போகவில்லை. 1947 அரசியல் சட்டம் பெரும்பான்மையோர் மதம் என்று புத்தத்துக்குத் தனியிடம் கொடுத்தது, கூடவே மற்ற மதங்களையும் பெயர் சொல்லி ஏற்றது, மதத்தை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. 1961இல் பிரதமர் ஊ நூ புத்தத்தை அரச மதமாக்கினார், அடுத்த வருஷமே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து ஆட்டத்தைக் கலைத்தார். 2008 சட்டத்தில் 361, 362 பிரிவுகள் ஏறக்குறைய 1947 பேச்சையே திரும்பப் பேசுகின்றன. இதை மதச்சார்பின்மை என்பதா இல்லையா என்று உன் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதலாம். ஐரோப்பாவில் சர்ச்சை அரசிடமிருந்து பிரித்த கதையை வைத்து இதை அளந்தால் முழம் எட்டாது. மதம் என்கிற பொதுச்சொல்லே ஐரோப்பியக் கிறிஸ்தவ வரலாற்றிலிருந்து வந்தது, மதச்சார்பின்மையும் அதோடு சேர்ந்தே உருவானது என்று மானிடவியலாளர் தலால் அசத் சொல்கிற விஷயத்தை உன் வழிகாட்டியிடம் எடுத்துப் போடு, ஒரு பெட்டி விஷயத்தில் கொஞ்சம் இளகுவார்.

2014 கணக்கில் புத்தம் 87.9 சதவீதம், கிறிஸ்தவம் 6.2, இஸ்லாம் 4.3, இந்து 0.5, மதம் இல்லை 0.1. மேற்கே ராக்கைன் மாநிலத்தில் பத்து லட்சத்துக்கு மேல் ஆட்களை, பெரும்பாலும் ரோஹிங்கியா முஸ்லிம்களை, எண்ணவே இல்லை, அவர்களுக்கு ஒரு மதிப்பீட்டைப் போட்டுச் சேர்த்தார்கள். மதக் கணக்கு வெளிவர 2016 ஜூலை ஆகிவிட்டது, அவ்வளவு பயம் அந்த எண்களைக் கண்டு. 0.1 சதவீதத்தை வைத்துக்கொண்டு "பர்மாவில் மதச்சார்பற்றவர்களே இல்லை" என்று எழுதிவிடாதே. "பாதாமே", பாதா இல்லாதவன் என்றால் இங்கே நெறிகெட்டவன் மாதிரி காதில் விழும், யார் அதில் குறி போடுவார்கள்? அதே போல உலக விழுமிய ஆய்வில் கடவுள் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று ஒரு கேள்வி உண்டு. 2020இல் நம் ஊரிலும் அந்த ஆய்வு நடந்தது. படைத்தவன் என்று ஒருவன் இல்லை என்பதை அரிச்சுவடியாகப் படித்த பௌத்தர் அதற்கு என்ன எண் சொல்வார்?

சரி, உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு தனிக் கேள்வி வை. "அட்டையில் என்ன எழுதியிருக்கிறது" ஒன்று, "வீட்டில் என்ன செய்கிறீர்கள்" இன்னொன்று, இரண்டுக்கும் இடையில் பத்துக் கேள்வி தள்ளி. வித்தியாசம் வருகிற வீடுகள்தான் உன் ஆய்வே. ஆனால் அட்டைப் பதிலைப் பெயரோடும் விலாசத்தோடும் ஒரே தாளில் எழுதாதே, போனிலும் வைக்காதே. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு யார் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பவருக்கு முதலில் நெஞ்சு படபடக்கிறது. முன்சோதனைத் தாளில் பெயர் எழுதியிருந்தால் இன்றைக்கே கிழித்துப் போடு.

---

யாங்கோன் பொண்ணு எழுதியது:

அண்ணே, பெயர் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். நன்றி.

---

பீலிக்கான் பக்தன் எழுதியது:

எதற்கு இவ்வளவு சுற்றி வளைப்பு? அட்டையில் புத்தம் என்று போட்டுக்கொண்ட தமிழன் பயத்தில் போட்டான், வேலைக்காகப் போட்டான். 1964இல் கடை கண்ணி எல்லாம் தேசியமயம் என்று எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறியவர் ஏறினார், மிஞ்சியவர்கள் பெயரை மாற்றி மதத்தை மாற்றி ஒண்டிக்கொண்டு பிழைத்தார்கள். உள்ளே எல்லாரும் இந்துதான். இந்து என்று எண்ணிவிட்டுப் போங்கள். நீங்கள் இப்படிக் கலப்பு கிலப்பு என்று எழுதி எழுதியே 0.5 சதவீதத்தை 0.2 ஆக்கிவிடுவீர்கள் போல.

பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு வந்து பாருங்கள். புது வண்டி வாங்கிய பர்மியனும் சீனனும் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிக்கொண்டு நிற்கிறான். அவனையும் சேர்த்தால் இந்து எத்தனை சதவீதம் வரும், அதை எழுதுங்கள்!

---

பெகு ராசு எழுதியது:

பக்தரே, அப்படியானால் ஷின்பியூ செய்த நம் பையன்களை அவர்கள் பௌத்தர் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். வண்டிக்குப் பூஜை போட்டவரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், தலை மழித்தவனை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், கடைசியில் அந்தத் தங்கச்சிக்கு ஆய்வு செய்ய ஆளே மிஞ்ச மாட்டார்கள்.

நான் எழுத வந்தது வேறு. தமிழன் புத்தம் என்று சொன்னால் உடனே பயந்தான், மறைத்தான் என்கிறீர்களே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பயந்தவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு ரங்கூனிலும் கிளை இருந்தது. கோலார் தங்கவயலில் இருந்ததைப் போல இங்கேயும். அந்தச் சங்கத்தார் பர்மியருக்குப் பயந்து பௌத்தர் ஆனவர்கள் கிடையாது, தங்கள் பூர்வத் தமிழ் நெறியே பௌத்தம்தான், சாதி சொல்கிற கோயில் வாசலில் நாங்கள் ஏன் நிற்க வேண்டும் என்று வாதாடியவர்கள். வாத்தியார் ஐயா சொன்ன மணிமேகலை கணக்கில் அதுதான் உண்மையான சமயம், கொண்டு நிறுத்தின கொள்கை. ஆகவே "அட்டையில் புத்தம், பேச்சு தமிழ்" என்று ஒரு வீட்டைக் கண்டால் எப்போதிலிருந்து, யார் எடுத்த முடிவு என்று கேள் தங்கச்சி. 1964க்குப் பிறகா, கல்யாணத்திலா, இல்லை அதற்கெல்லாம் முன்பே பாட்டன் காலத்திலா. மூன்றும் மூன்று கதை, ஒரு பெட்டியில் போட்டால் மூன்றும் செத்துவிடும்.

எங்கள் அப்பா வேறு ரகம். சுயமரியாதைக்காரர். 1954 டிசம்பரில் பெரியார் ரங்கூன் வந்தபோது போய்ப் பார்த்தவர். உலகப் பௌத்தர் மாநாட்டுக்கு அம்பேத்கரும் அப்போது வந்திருந்தார், இரண்டு பேரும் இங்கேதான் சந்தித்துக்கொண்டார்கள். அப்பா சாகிற வரைக்கும் அந்த ஒரு வாரத்தையே பேசிக்கொண்டிருந்தார். சாமி கிடையாது, திவசம் கிடையாது, எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஐயர் கிடையாது. அட்டையில் என்ன? இந்து. மாற்றச் சொல்லிப் போனாரா என்று கேட்டால், போனார், "அப்ப பௌத்தம்னு போடவா?" என்று கேட்டார்களாம். மூன்றாவது ஒன்று அந்த மேசையில் இல்லை. திரும்பி வந்துவிட்டார். இப்போது 2015 சட்டம் வந்த பிறகு பாதா மாற வேண்டுமென்றால் நகரப் பதிவுக் குழுவிடம் விண்ணப்பம் போட்டு நேர்காணலுக்கு உட்கார வேண்டும். அப்பா இருந்திருந்தால் நேர்காணலுக்குப் போயிருப்பார், சண்டை போடுவதற்காகவே.

அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் ஒவ்வொரு வெள்ளியும் காளி கோயிலுக்குப் போனார். அப்பாவுக்குத் தெரியும். இதற்கும் ஒரு பெட்டி இருந்தால் சொல்லு.

---

சூலியா வீட்டுப் பையன் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் தமிழ்தான், ரங்கூன் சூலியா (தமிழ் முஸ்லிம்) குடும்பம், வீட்டில் இன்றைக்கும் தமிழ்தான் பேச்சு. இந்தத் திரியில் தமிழ்க் குடும்பம் என்றாலே அம்மன் படமும் புத்தர் மேடையும் என்று ஆகிவிட்டது. தங்கச்சி, உங்கள் பதினோரு வீட்டில் எங்கள் ஆட்கள் எத்தனை வீடு?

உங்களுக்கெல்லாம் "எந்தப் பெட்டி" என்பது குழப்பம். எங்களுக்குக் குழப்பமே இல்லை, நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே குறி போட்டு வைத்திருக்கிறார்கள். அட்டை எடுக்கப் போனபோது நாலு தலைமுறை இங்கே பிறந்த கதையைச் சொன்னேன், பெயரைப் பார்த்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர் வேறு ஏதோ நாட்டுப் பெயரைச் சேர்த்து எழுதினார். கலந்து கட்டி இருப்பது எல்லாருக்கும் கிடைக்கிற சௌகரியம் இல்லை என்று சொல்ல வருகிறேன்.

அதற்காக எங்கள் வீட்டில் கலப்பே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம். பகதூர் ஷா ஜாஃபர், கடைசி மொகலாய ராஜா, 1862இல் இங்கே காலமானாரே, அந்த தர்காவுக்கு என் பெரியம்மாவோடு பக்கத்து வீட்டு இந்து அக்காவும் போவார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் பாட்டியிடம் ஓதிப் பார்க்கத் தூக்கிக்கொண்டு வருகிற பர்மியத் தாய்மார்கள் இருந்தார்கள். சின்ன வயசில் தண்ணீர்த் திருவிழாவில் நானும்தான் நனைந்தேன், தஜாமின் (நம் இந்திரன்தான்) பூமிக்கு இறங்கி வருகிறார், நல்லவன் பெயரைத் தங்க ஏட்டிலும் கெட்டவன் பெயரை நாய்த்தோலிலும் எழுதுவார் என்று சொல்லி எங்களையும்தான் பயமுறுத்தினார்கள். இதையெல்லாம் யாரும் எங்களிடம் கேட்பதில்லை. ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் இந்து வீட்டில் போய் வழக்கம், திருவிழா, நேர்த்திக்கடன் எல்லாம் கேட்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டம், பாதுகாப்பு, 2013 கலவரம், அவ்வளவுதான். கடைசியில் உங்கள் ஆய்வேட்டில் இந்துத் தமிழன் ஆறு மாதிரி ஓடுவான், முஸ்லிம் தமிழன் கல் மாதிரி உட்கார்ந்திருப்பான். நீங்கள் கேட்ட கேள்வி அப்படி என்பதால்.

எங்களிடமும் அதே சாவுக் கேள்வியைக் கேளுங்கள். ஒன்று மட்டும், மதம் என்று போடாதீர்கள், மார்க்கம் என்று போட்டால் எங்கள் பெரியவர்கள் முகம் கொஞ்சம் மலரும். அப்புறம், வீட்டுக்கு வருவதற்கு முன் யாராவது தெரிந்தவர் மூலமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

---

மோல்மீன் வாத்தியார் எழுதியது:

தம்பி, நீ சொன்னது எனக்கு உறைத்தது. நான் கொடுத்த சொல் பட்டியலில் மார்க்கத்தைச் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன், அதற்குள் போய்ப் பார்க்கவில்லை.

ஸ்பைரோ என்று ஒரு அமெரிக்கர் 1960களில் மேல் பர்மாவில் கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, நத் வழிபாடு வேறு, புத்தம் வேறு, ஒரே ஆளுக்குள் இரண்டு மதம் என்று எழுதினார். அதெல்லாம் ஒன்றே, ஒரே வீட்டின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் என்று பிற்பாடு வந்தவர்கள் அவரோடு சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. தங்கச்சி அதைப் படிக்கட்டும், ஆனால் அந்தச் சண்டையிலும் நீ சொன்ன குறை இருக்கிறது, யார் வீட்டில் போய்த் தட்டுகளை எண்ணுகிறோம், யார் வீட்டில் எண்ணாமல் விடுகிறோம் என்பது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

"மதச்சார்பற்றவர்" கேள்வியை யாரும் தொடவில்லையே. தங்கச்சி, அதைத் தூக்கிவிடு. பர்மியத்தில் லோகி (உலகத்துக்கானது), லோகுத்தரா (உலகத்தைக் கடந்தது) என்று பிரிப்பார்கள், நம் லௌகீகம்தான் அந்த லோகி. ஆனால் அதுவும் சரிப்படாது, ஏனென்றால் மந்திரம், ஜோசியம், தாயத்து எல்லாமே லோகிப் பக்கம்தான் சேரும், மோட்சத்துக்கு வழி இல்லை என்பதால். உன் இங்கிலீஷ் தாளில் ஜோசியம் பார்ப்பவர் மதச்சார்பற்றவர் ஆகிவிடுவார். அதற்குப் பதில் நடந்ததைக் கேள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கும்போது, வீடு வாடகைக்கு விடும்போது, கல்யாணம் பேசும்போது, ஓட்டுப் போட்டபோது எதிராளி பாதாவைப் பார்த்தீர்களா என்று. வாடகைக் கேள்விக்கு மட்டும் உண்மையான பதில் வராது, எதற்கும் கேட்டு வை.

---

பீலிக்கான் பக்தன் எழுதியது:

நான் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். சூலியா தம்பி சொன்னது நியாயம். ஆனால் பெகு ராசு, எலுமிச்சம்பழ விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

---

யாங்கோன் பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாகச் சூலியா வீட்டு அண்ணனுக்கு. பதினோரு வீட்டில் உங்கள் ஆட்கள் ஒரு வீடு கூட இல்லை, கிறிஸ்தவ வீடு ஒன்றுதான். எனக்குத் தெரிந்த வீடுகளுக்கு மட்டும் போயிருக்கிறேன், அதைப் பர்மியத் தமிழ்க் குடும்பம் என்று தலைப்பில் போட்டுவிட்டேன். தெரிந்தவர் மூலமாகச் சொல்லிவிட்டு வருகிறேன்.

வாத்தியார் சயாஜி சொன்ன சாவுக் கேள்வியை முதலில் வைத்தேன், "பாதா" கேள்வியை அடியோடு எடுத்துவிட்டேன், அட்டைக் கேள்வி கடைசியில், விருப்பம் இருந்தால் சொல்லலாம் என்று. "யார் எடுத்த முடிவு, எப்போது" என்பதையும் சேர்த்திருக்கிறேன். வழிகாட்டியிடம் பேசினேன். ஒரு பெட்டி விஷயத்தில் அவர் முழுதாக இறங்கி வரவில்லை, ஒன்றுக்கு மேல் குறி போட விடு, ஆனால் எதை முதலில் சொன்னார்கள் என்று வரிசை எண் எழுதிக்கொள் என்கிறார். அது பரவாயில்லை என்று எனக்கே தோன்றுகிறது.

நேற்று ராத்திரி எங்கள் பாட்டியிடமே புதுத் தாளை வைத்துப் பார்த்தேன். தாத்தா சாவுக்கு யார் யார் வந்தார்கள் என்றுதான் கேட்டேன், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது கேள்விக்குப் போகவே இல்லை. போங்ஜிகள் ஏழு பேர், தேவாரம் பாட பெகுவிலிருந்து ஒருத்தர், தாத்தாவோடு வேலை பார்த்த பாய் ஒருத்தர் வாசலோடு நின்று துஆ செய்துவிட்டுப் போனது, அந்தோணியார் கோயிலில் யாரோ சொல்லாமலே பூசைக்குக் கொடுத்தது, அவர் யார் என்று இன்றுவரை பாட்டிக்குத் தெரியாது. எனக்கு இதில் பாதி இப்போதுதான் தெரிகிறது.

முடித்துவிட்டுத் தாளை மடித்தபோது, "இதுல நான் என்னனு எழுதுன?" என்று கேட்டார். இன்னும் எழுதவில்லை பாட்டி என்றேன். சரி, நாளைக்கு வரும்போது கடைத்தெருவில் ஒரு தேங்காய் பார்த்து வாங்கி வா, தூணில் இருக்கிறது காய்ந்துவிட்டது என்றார்.